ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டிப் பள்ளிகள்: புதிதாக வரும் ஒரு தம்பிக்கு

தம்பி, ஜூலையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவுக்கு வருகிறீர்கள் என்றும், மகள் ஆறாம் வகுப்பும் மகன் யூகேஜியும் முடித்திருக்கிறார்கள் என்றும், அங்குள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்ற பள்ளி எது, வாடகை எவ்வளவு ஆகும், கார் உடனே வாங்க வேண்டுமா, குளிருக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் காரும் குளிராடையும் வந்த சில வாரங்களில் தாமாகவே புரிந்துவிடும். சொல்லித்தரவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளியைப் பற்றி மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன். அந்த விஷயத்தில் நம்மவர்கள் சொல்லும் பாதி, அரைகுறையாகக் காதில் விழுந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துவதாக இருக்கிறது.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பம் வாங்கி, கட்டணம் கட்டிச் சேர்ப்போம். இங்கே நீங்கள் குடியிருக்கும் வீட்டின் முகவரிதான் பள்ளியை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 1,80,000 மாணவர்களும் 200ஐ ஒட்டிய பள்ளிகளும் கொண்ட இந்தப் பெரிய அமைப்பு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியையும், அதற்கு மாணவர்களை அனுப்பும் நடுநிலை, தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்துப் 'பிரமிடு' என்று இங்கே சொல்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் கிண்டர்கார்டன் முதல் ஆறு வரை தொடக்கப் பள்ளி, ஏழும் எட்டும் நடுநிலைப் பள்ளி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உயர்நிலைப் பள்ளி. ஆகவே உங்கள் மகள் நேராக நடுநிலைப் பள்ளியில் நுழைவாள். அங்கே பாடத்துக்குப் பாடம் வகுப்பறை மாறும், ஆசிரியரும் மாறுவார். அதை இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள். மகனுக்கு வயதே கணக்கு: செப்டம்பர் 30க்குள் ஐந்து நிறைந்திருந்தால் கிண்டர்கார்டன், ஆறு நிறைந்திருந்தால் பொதுவாக முதல் வகுப்பு. யூகேஜி முடித்துவிட்டான் என்று வாதாடிப் பயனில்லை.

வீடு பார்க்கும்போது கடிதத்தில் எழுதும் ஊர்ப் பெயரை நம்பிவிடாதீர்கள். 'ஃபால்ஸ் சர்ச்' என்று தபால் முகவரி கொண்ட எத்தனையோ வீடுகள் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டிக்குள் இருக்கின்றன. ஆனால் ஃபால்ஸ் சர்ச் நகரம் என்பது தனிப் பள்ளி நிர்வாகம் உடைய தனி ஆட்சிப் பகுதி. அலெக்சாண்ட்ரியாவும் அப்படித்தான். ஃபேர்ஃபாக்ஸ் நகரத்தின் ஏற்பாடு இன்னும் வேறு: பள்ளிக் கட்டடங்கள் நகரத்துக்குச் சொந்தம், அந்த நகரத்துக்கென்று ஒரு பள்ளி வாரியமும் உண்டு, ஆனால் பள்ளிகளை ஒப்பந்தப்படி நடத்துவது கவுன்ட்டிப் பள்ளி நிர்வாகம். பள்ளி நிர்வாகத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் இட்டால் எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி என்று மூன்றையும் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

பள்ளிகளுக்கு மதிப்பெண் தரும் இணையதளங்களைப் பார்த்து வீடு தேடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அந்த எண்களில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்கள். அவை அந்தப் பகுதிப் பெற்றோரின் வருமானத்தையும், எத்தனை குழந்தைகள் அண்மையில் ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்கள் என்பதையும்தான் பெரிதும் காட்டுகின்றன. ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை அவை சொல்வதில்லை. மேலும், எந்த வீடு எந்தப் பள்ளிக்கு என்று வகுக்கும் எல்லைகள் நிலையானவை அல்ல. 2024இல் பள்ளி வாரியம் தன் கொள்கையைத் திருத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவுன்ட்டி முழுவதும் எல்லைகளை மறுபரிசீலனை செய்வதென்று முடிவெடுத்தது. ஒரு பள்ளியின் பெயருக்காகவே கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கிய நம்மவர்கள் அந்தச் செய்தி வந்தபோது கொதித்துப்போனார்கள். வீட்டுப் பத்திரம் உங்களுடையதாக இருந்தாலும், பள்ளி எல்லை வரைபடம் வாரியத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்த வாரியம் யார் என்பதைத்தான் பலர் தெரிந்துகொள்வதே இல்லை. பன்னிரண்டு உறுப்பினர்கள்: ஒன்பது வட்டாரங்களுக்கு ஒவ்வொருவர், கவுன்ட்டி முழுவதற்கும் பொதுவாக மூவர். 1995 முதல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன் நியமனம்தான். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். வாக்குரிமை இல்லாத மாணவப் பிரதிநிதி ஒருவரும் வாரியத்தில் அமர்கிறார். வாரியம் கொள்கை வகுக்கும், கண்காணிப்பாளரை நியமிக்கும். கண்காணிப்பாளர் அன்றாட நிர்வாகத்தை நடத்துவார். அவருக்குக் கீழே மண்டலங்கள், மண்டலத்துக்குக் கீழே பள்ளி முதல்வர்கள். ஆகவே வகுப்பறையில் சிக்கல் என்றால் ஆசிரியர், பின் முதல்வர், அதன்பின் மண்டல அலுவலகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுவது, நம் ஊரில் வகுப்பாசிரியர் மீதுள்ள குறையை நேராக முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோவதற்குச் சமம். கடிதம் சுற்றிச்சுற்றி மீண்டும் அதே முதல்வரின் மேசைக்குத்தான் வரும்.

பணத்தின் கதை இதைவிட முக்கியமானது. ஆண்டுக்கு 350 கோடி டாலருக்கு மேல் செலவிடும் இந்த வாரியத்துக்கு ஒரு காசு வரி விதிக்கும் அதிகாரமும் கிடையாது. வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழுவிடமிருந்து வருகிறது. அது மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும், பத்துப் பேர் கொண்ட அமைப்பு. வீட்டு வரியின் விகிதத்தை அதுதான் முடிவு செய்கிறது. உள்ளூரின் செல்வ நிலையைக் கணக்கிட்டு மாநிலம் உதவி தருவதால், ஃபேர்ஃபாக்ஸ் போன்ற வசதியான கவுன்ட்டிக்கு மாநிலத்திலிருந்து வரும் பங்கு குறைவு. ஜனவரியில் கண்காணிப்பாளர் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்கிறார், வசந்த காலத்தில் கவுன்ட்டி எவ்வளவு தரும் என்று முடிவாகிறது, மே மாதத்தில் வாரியம் அதற்கேற்பத் திட்டத்தை இறுதி செய்கிறது, ஜூலை 1இல் நிதியாண்டு தொடங்குகிறது. வகுப்பில் எத்தனை குழந்தைகள், இசை ஆசிரியர் உண்டா, பேருந்து ஓட்டுநர்களுக்குப் போதிய சம்பளமா என்பதெல்லாம் அந்த ஐந்து மாதங்களில்தான் தீர்மானமாகின்றன.

நம்மவர்கள் மீது எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான். தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை முறையை வாரியம் 2020இன் இறுதி மாதங்களில் மாற்றி, நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒன்றரை விழுக்காட்டினருக்கு இடம் ஒதுக்கியபோது, எங்கள் சமூகம் திரண்டெழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024 பிப்ரவரியில் அந்த மன்றம் விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது. அந்த வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பதில் நல்லவர்களே இரு பக்கமும் நின்றார்கள். ஆனால் ஒரே ஒரு பள்ளிக்காக அத்தனை பேர் கூடியவர்கள், மற்ற எல்லாப் பள்ளிகளையும் பாதிக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவதில்லையே என்பது என் வருத்தம். இரண்டாம் வகுப்புக் குழந்தையைத் திறனறித் தேர்வுக்கென்று பயிற்சி மையத்துக்கு அனுப்பி, மூன்றாம் வகுப்பில், திறன் மிகுந்த மாணவர்களுக்கான மேம்பட்ட கல்வித் திட்ட மையத்தில் இடம் கிடைக்கவில்லையென்றால் துக்க வீடு போல் ஆகிவிடும் குடும்பங்களையும் பார்க்கிறேன். உங்கள் மகனை அந்த ஓட்டத்தில் விடாதீர்கள்.

இன்னும் கடுமையாக எச்சரிக்க வேண்டியது இரண்டு உண்டு. சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். பிள்ளை 'ஈசால்' எனப்படும், பிறமொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பில் போய்விடுவானோ என்று அஞ்சித் தமிழை மறைத்து ஆங்கிலம் என்று எழுதச் சொல்லும் அன்பர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேவையென்றால் மட்டும் கூடுதல் உதவி தருவார்கள். அந்த உதவி சட்டம் தந்த உரிமை, அதில் தாழ்வு எதுவும் இல்லை. மற்றொன்று, நல்ல பள்ளிக்காக நண்பரின் முகவரியைக் கொடுப்பது. குடியிருப்பைப் பற்றிப் பொய்யாக எழுதித் தருவது வர்ஜீனியாச் சட்டப்படி குற்றம். விசாவில் இருப்பவர் அந்த வினையைத் தேடிக்கொள்ளக் கூடாது.

முகவரிச் சான்று எவ்வளவு பெரிய சுவர் என்பதை 1999இல் நாங்கள் வந்தபோது அனுபவித்தோம். வேலைக்கு அழைத்துவந்த நிறுவனம் எங்களை வேறு குடும்பங்களோடு ஒரே அடுக்ககத்தில் தங்கவைத்தது. வாடகை ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில். என் பெயரில் ஒரு காகிதம் தாருங்கள் என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனேன், அவர்கள் அசைந்துகொடுக்கவில்லை. மற்ற குழந்தைகள் மஞ்சள் பேருந்தில் ஏறுவதை என் மகள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் இருந்த பொலிவிய நாட்டு அம்மையார் ஒருவர், தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தோடு என்னைப் பள்ளி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, பிறரோடு சேர்ந்து குடியிருப்பவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துச் சேர வழியுண்டு என்று கேட்டு வாங்கித் தந்தார். எங்கள் நாட்டவர் ஒருவரும் அன்று அதைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் கவுன்ட்டி அரசு மையத்தில் நடந்த வரவுசெலவுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பெயர் பதிந்து, எனக்கு ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களில் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களைக் குறைக்க வேண்டாம் என்று பேசியபோது, அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டுதான் பேசினேன். குடியுரிமை பெறும் வரை உங்களால் வாக்களிக்க முடியாது. ஆனால் இங்கே குடியிருப்பவர் என்ற முறையில் பேச முடியும், தம்பி.

நீங்கள் வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரிலேயே எழுதி வாங்குங்கள். ஆகஸ்டின் பிற்பகுதியில் பள்ளி திறந்துவிடும் என்பதால் பிறப்புச் சான்றிதழ்கள், பழைய பள்ளியின் மதிப்பெண் பதிவுகள், தேதி வாரியாக மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்ட தடுப்பூசி விவரம் ஆகியவற்றைப் புறப்படுமுன் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் நுழைவோருக்குத் தனியாகச் சில தடுப்பூசிகள் கேட்பார்கள். காசநோய்ச் சோதனையும் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பிசிஜி போட்டிருப்பதால் தோல் சோதனை தவறாக நோயைக் காட்டக்கூடும், எனவே இரத்தச் சோதனை செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.