99.8 சதவீதம் வந்தும் ஒரு ஸ்பைக் கூட வராதது ஏன்?

கேள்வி: பயோமெடிக்கல் முதுகலை மாணவன். நினைவை மீட்கும் மூளைக் கருவிகளில் பயன்படும் மிமோ (பல உள்ளீடு, பல வெளியீடு) மாடலை, எலியின் ஹிப்போகேம்பஸில் (மூளையின் நினைவுப் பகுதி) எடுத்த பொதுத் தரவில் செய்துபார்க்கிறேன். உள்ளீடு 24 சிஏ3 நியூரான்கள், வெளியீடு ஒரு சிஏ1 நியூரான் (இரண்டும் ஹிப்போகேம்பஸின் உட்பகுதிகள்). 20 நிமிடப் பதிவு, 2 மில்லிசெகண்ட் கட்டங்கள், சிஏ1-இல் 1,200 ஸ்பைக் (நியூரானின் மின்துடிப்பு). துல்லியம் 99.8 சதவீதம், ஆனால் மாடல் ஒரு ஸ்பைக்கையும் கணிப்பதில்லை. இரண்டாம் வரிசை கெர்னலை (இரண்டு ஸ்பைக்குகளின் கூட்டு விளைவைக் கணக்கிடும் பகுதி) சேர்த்தால் பயிற்சித் தரவில் பிரமாதம், புதுத் தரவில் படுமோசம். எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த 99.8-ஐத் தூக்கிப் போடுங்கள். 20 நிமிடம் என்பது 6 லட்சம் கட்டங்கள். அதில் 1,200 இடத்தில்தான் ஸ்பைக். எல்லாக் கட்டத்துக்கும் 'இல்லை' என்று எழுதி வைத்தாலே 99.8 வந்துவிடும். உங்கள் மாடல் தருவது நிகழ்தகவு, அதை 0.5-இல் வெட்டினால் எதுவும் மிஞ்சாது. துல்லியத்துக்குப் பதிலாக, பயிற்சியில் சேராத தரவில் ஒரு ஸ்பைக்குக்கு லாக்-லைக்லிஹுட் (உண்மையில் பதிவானதற்கு மாடல் தரும் நிகழ்தகவின் மடக்கை) எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். ஒப்பிட இரண்டு மாடல்கள் வேண்டும்: மாறாத வேகம் மட்டும் கொண்டது ஒன்று, சிஏ1-இன் சொந்த ஸ்பைக் வரலாறு மட்டும் கொண்டது இன்னொன்று. இரண்டாவதை விட மாடல் மேலே போகவில்லை என்றால், சிஏ3-இலிருந்து அது எதையும் கற்கவில்லை.

இரண்டாவது கோளாறு எண்ணிக்கையில் இருக்கிறது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தியோடர் பெர்கர், டாங் சாங் ஆகியோர் வளர்த்த இந்த மாடலில், உள்ளீட்டு ஸ்பைக்குகள் வோல்டெரா கெர்னல்கள் (கடந்த ஸ்பைக்குகளின் தாக்கத்தை நேரவாரியாக எடைபோடும் சார்புகள்) வழியாகக் கூடி ஓர் உள்மின்னழுத்தம் ஆகின்றன. அதோடு சிஏ1-இன் சொந்த ஸ்பைக்குகளின் பின்னூட்டமும் இரைச்சலும் சேர்ந்து வாசலைத் தாண்டினால் ஸ்பைக். ஒரு விநாடி நினைவை நேரடியாக எழுதினால், முதல் வரிசைக்கே 24 × 500 = 12,000 கெழுக்கள். இதைத் தவிர்க்கத்தான் லாகேர் சார்புகள்: மெல்லத் தேயும் சில ஆயத்த வளைவுகளின் கலவையாகக் கெர்னலை எழுதலாம். உள்ளீடு ஒன்றுக்கு மூன்று சார்பு போதும்: 72, பின்னூட்டத்துக்கு 3, மாறிலி 1, ஆக 76. ஒவ்வொரு உள்ளீட்டின் இரண்டாம் வரிசையைச் சேர்த்தால் 220. உள்ளீடுகளுக்கு இடையிலான குறுக்குக் கெர்னல்கள் மட்டும் தனியாக 2,484. உங்களிடம் இருப்பதோ 1,200 ஸ்பைக். கெழு ஒன்றுக்குக் குறைந்தது பத்து ஸ்பைக்காவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் வரிசைதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஆகவே படிப்படியாகப் போங்கள். 76 கெழுக்களுடன் முதல் வரிசையைப் பொருத்துங்கள். குரூப் லாசோ (தேவையற்ற கெழுக்களைக் குழுவாகச் சுழியாக்கும் முறை) போட்டால், ஓர் உள்ளீட்டின் மூன்று கெழுக்களும் ஒன்றாகத் தங்கும் அல்லது ஒன்றாகச் சுழியாகும். தேறிய உள்ளீடுகளுக்கு மட்டும் இரண்டாம் வரிசை. ஆறு தேறினால் குறுக்குக் கெர்னல் உட்பட 193 கெழுக்கள். இதுவும் அதிகம்தான், லாசோவைக் கழற்றாதீர்கள்.

லாகேரின் ஆல்ஃபாவை (சார்பு எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) யாரோ எழுதிய நிரலிலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். 0.9 என்றால் முதல் சார்பு ஏறத்தாழ 38 மில்லிசெகண்டில் தேய்கிறது, 0.99 என்றால் 400 மில்லிசெகண்ட். பத்து மடங்கு வித்தியாசம்! 0.8 முதல் 0.99 வரை தேடுங்கள், பின்னூட்டத்துக்குத் தனி ஆல்ஃபா வையுங்கள்.

தரவுக் கசிவையும் சோதியுங்கள். கட்டங்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சி, சோதனை என்று பிரித்திருந்தால், ஒரே ஸ்பைக்கின் எச்சம் இரண்டு பக்கமும் இருக்கும். தொடர்ச்சியான நான்கு நிமிடத்தை முழுதாக ஒதுக்கி வையுங்கள். கெர்னலின் உச்சம் மிகச் சரியாகச் சுழித் தாமதத்தில் வந்தால் மகிழ வேண்டாம். ஒரே செல் இரண்டு எலெக்ட்ரோடில் பதிவாகி, ஸ்பைக் பிரிப்பில் இரண்டு நியூரானாகக் கணக்கில் ஏறியிருக்கலாம். குறுக்குத் தொடர்பு வரைபடம் போட்டால் தெரிந்துவிடும்.

கடைசிச் சோதனை நேர மறுஅளவீடு. அடுத்தடுத்த ஸ்பைக்குகளுக்கு இடையே கணித்த வேகத்தைக் கூட்டி (கூட்டுத்தொகை z), அதை 1 − e^(−z) என்று மாற்றி, சீரான பரவலோடு கோல்மோகொரோவ்–ஸ்மிர்னோவ் வரைபடத்தில் ஒப்பிடுங்கள். 240 சோதனை ஸ்பைக்குக்கு 95 சதவீத எல்லை 1.36-ஐ 240-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.088. கோடு குறுகிய இடைவெளிப் பக்கம் மட்டும் விலகினால், சிஏ1 வெடிப்புகளைப் பின்னூட்டக் கெர்னல் பிடிக்கவில்லை என்று பொருள்.

இத்தனையும் தேறினாலும், உங்கள் ஆய்வறிக்கையில் 'நினைவு மீண்டது' என்று எழுத முடியாது. பொருந்தியது சிஏ3 வடிவம் சிஏ1 வடிவமாக மாறும் விதம் மட்டுமே. 2018-இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாம்ப்சன் குழு, வலிப்பு நோய்க்காக ஏற்கெனவே எலெக்ட்ரோடு பொருத்தப்பட்டிருந்தவர்களிடம், மாடல் கணித்த சிஏ1 வடிவத்தையே தூண்டலாகக் கொடுத்தது. குறுகிய கால நினைவில் 37 சதவீத முன்னேற்றம் என்று அறிவித்தார்கள். ஆனால் 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஹிப்போகேம்பஸ் பகுதியை 50 ஹெர்ட்ஸில் சீராகத் தூண்டியபோது நினைவு மோசமானது. எனவே ஆய்வகத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களிடம், மாடல் வடிவத்தோடு கலைத்த வடிவத்தையும் ஒப்பீடாக வைக்கச் சொல்லுங்கள். பல்ஸ் எண்ணிக்கையும் மின்னோட்டமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நேரம் மட்டும் மாறலாம்.