சிறுநீரகக் கட்டியும் கைபேசிச் செயலியும்: வாசகர் கேள்விக்கு வைத்தியர் பதில்

கேள்வி: என் அண்ணாவுக்கு வயது 58. அவருடைய இடது சிறுநீரகத்தில் 3.6 சென்ரிமீற்றர் அளவான கட்டி இருப்பதாகச் சீ.ரீ. ஸ்கேன் அறிக்கை கூறுகிறது. கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றலாம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்கிறார். என் மகனோ ஏதோ ஒரு செயலியில் அளவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, 8 புள்ளி வருவதால் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதே பாதுகாப்பு என்கிறான். ஸ்கேன் படத்தை வட்ஸ்அப்பில் கொழும்புக்கு அனுப்பி இன்னொரு நிபுணரிடம் கேட்கலாமா?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மகன் பார்த்தது ரெனல் புள்ளிமுறையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் குட்டிகோவ், உஸோ ஆகிய நிபுணர்கள் 2009இல் வெளியிட்ட இம்முறை, கட்டியின் விட்டம், அது சிறுநீரகத்திலிருந்து வெளியே துருத்தி நிற்கும் அளவு, சிறுநீர் சேரும் அறைகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, முனைப்பகுதியிலா நடுப்பகுதியிலா இருக்கிறது என்பது ஆகிய நான்குக்கும் 1 முதல் 3 வரை புள்ளியிடுகிறது. கூட்டுத்தொகை 6 வரை கட்டியை மட்டும் அகற்றுவது எளிது, 7 முதல் 9 வரை நடுத்தரம், 10 முதல் 12 வரை சிக்கல். 8 வந்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்று அம்முறையில் எங்கும் சொல்லப்படவில்லை. 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளில், செய்யக்கூடிய இடங்களிலெல்லாம், பகுதியை மட்டும் அகற்றுவதே இன்று பொதுவாக விரும்பப்படும் வழி.

செயலி பிழையின்றிக் கூட்டும். ஆனால் கூட்டவேண்டிய இலக்கங்களை ஒருவர் படத்தில் அளந்து கொடுக்க வேண்டும். சிறுநீர் அறைக்கும் கட்டிக்கும் இடையே மூன்றரை மில்லிமீற்றர் என்று அளந்தால் 3 புள்ளி. நாலரை என்று அளந்தால் 2. கட்டியின் பாதி வெளியே நிற்கிறதா, பாதிக்குச் சற்றுக் குறைவா என்பதிலும் இன்னொரு புள்ளி கூடலாம், குறையலாம். இவ்விரண்டும் மாறினாலே உங்கள் அண்ணாவின் 8 ஆறாகி, நடுத்தரம் எளிதாகிவிடும். இந்த அளவுகள் பல அறிக்கைகளில் எழுதப்படுவதுகூட இல்லை. ஆகவே மகன் அவற்றை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் புள்ளிக்குள் அடங்காதவையே சத்திரசிகிச்சை நிபுணரை அதிகம் யோசிக்க வைப்பவை. கணிசமானோருக்கு ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகள் செல்கின்றன. கட்டியை வெட்டும்போது குருதியோட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவதாயின் எந்த நாடியைப் பிடிப்பது, சிறுநீரகம் பாதிக்கப்படாமல் எவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம் என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அதற்கும் உதவத்தான், நாடிகளையும் கட்டியையும் படத்தில் தெளிவாகக் காட்டும் ஊசிமருந்து ஏற்றுவதற்கு முன்னும், ஏற்றிய பின் வெவ்வேறு நேரங்களிலும் படம் எடுக்கிறார்கள். மற்றச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உண்டா என்பவையும் முடிவை மாற்றும். முழுவதையும் எடுத்துவிட்டால் எஞ்சிய ஒன்றைப் பிற்காலத்தில் காப்பது இவற்றைப் பொறுத்தது.

வட்ஸ்அப் விடயத்தில் என் பதில், வேண்டாம் என்பதே. வெளிச்சத்தில் பிடித்த பிலிமைப் படமெடுத்து அனுப்பும்போது நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்களில் சிலவே போகின்றன; அவையும் சுருக்கப்பட்டு, அடர்த்தியை மாற்றிப் பார்க்கும் வசதியை இழந்தே போய்ச் சேரும். மருந்து ஏற்றிய பின் கட்டியின் அடர்த்தி எவ்வளவு கூடியது என்பது, அது வெறும் நீர்க்கட்டியா இல்லையா என்று அறிய உதவும் முக்கிய அளவு. அதை ஒரு புகைப்படத்தில் அளக்க முடியாது. கைபேசியில் ஸ்கேன் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011இலேயே அதற்கெனச் செய்த ஒரு செயலிக்கு அனுமதி வழங்கியது. எனினும், வழமையான கணினித் திரை கிடைக்காத வேளையில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை.

ஸ்கேன் எடுத்த இடத்தில் முழுப் படத்தொகுதியையும் இறுவட்டில் பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதனுடன் எழுத்தறிக்கை, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேற்றினின் குருதிப் பரிசோதனையின் அண்மைய முடிவு, அண்ணா எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்து, முதலில் உங்கள் நிபுணரிடமே, “எவ்வளவு சிறுநீரகம் மிஞ்சும், எதைக் கண்டால் நடுவில் திட்டத்தை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். அதன் பின்னும் மனம் ஆறவில்லையென்றால், அதே இறுவட்டுடன் கொழும்புக்குப் போங்கள். இன்னொரு ஸ்கேனுக்கு அநேகமாகத் தேவை இராது.