கிரேக்க எழுத்துகளைச் சுலபமாகத் தட்டச்சு செய்வது எப்படி?

கிண்டியில் பொறியியல் படிக்கிறீர்கள். இயற்பியல் சந்தேகம் எழுதும்போது ஒவ்வொரு தீட்டாவையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் கிரேக்கத்தைச் சேர்த்தால் போதும். அப்புறம் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பலகை மாறும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு இப்படி மாறுவது கைவந்த பழக்கம்தான்.

பெரும்பாலான எழுத்துகள் ஒலிக்கேற்ற இடத்திலேயே இருக்கும்: எல் விசையில் லாம்டா, எம்மில் மியூ, எஸ்ஸில் சிக்மா. ஷிஃப்ட் சேர்த்தால் பெரிய எழுத்து. குழப்புபவை சிலதான்: தீட்டா யு விசையில், ஒமேகா வி-யில், ஈட்டா ஹெச்சில். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மைக்ரோ குறியும் மியூ எழுத்தும் தனித்தனி. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். கிரேக்கப் பலகையில் அடித்தால் சரியான மியூவே வரும்.

போனில் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜீபோர்டிலும் கிரேக்கத்தைச் சேர்க்கலாம். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் மொழி மாற்றிக்கொள்ளலாம்.