கிட் கார் (உதிரிபாகத் தொகுப்பாக வாங்கி நாமே பூட்டும் கார்) கட்டுகிறேன். லேமினேட்டட் கண்ணாடித் தகடு வாங்கி அளவுக்கு வெட்டி முன்கண்ணாடியாகப் பொருத்தினால் வாகன ஆய்வில் ஏற்றுக்கொள்வார்களா?

கண்ணாடியில் ஒப்புதல் முத்திரை இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால், அது எவ்வளவு தரமான லேமினேட்டட் (நடுவே படலம் வைத்து ஒட்டிய) கண்ணாடியாக இருந்தாலும் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். சேஸி, எஞ்சின், மின்கம்பிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் கண்ணாடிக்கு வந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கிட் கார் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். அதற்குள் கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் அளவும் சாய்வும் முடிவாகிவிடுவதால், கிடைக்கிற கண்ணாடியை அதற்குள் நுழைக்கத் தோன்றுவது இயல்பு.

ஆய்வாளர் உங்கள் கண்ணாடியை உடைத்துப் பார்த்துச் சோதிக்க முடியாது. அவரால் முடிந்தது, மூலையில் பொறித்திருப்பதைப் படிப்பது மட்டுமே. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 43ஆம் ஒழுங்குமுறையைப் பின்பற்றும் நாடுகளில், வட்டத்துக்குள் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 11 என்றால் பிரிட்டன். அருகில் ஒப்புதல் எண்ணும், முன்கண்ணாடியின் வகையைச் சொல்லும் ரோமன் எண்ணும் இருக்கும். சாதாரண லேமினேட்டட் முன்கண்ணாடிக்கு அது இரண்டு. அமெரிக்காவில் முன்கண்ணாடிக்குத் தேவையான குறி 'ஏஎஸ்1' (AS1). 'ஏஎஸ்2' என்ற குறியுள்ள கண்ணாடியைக் காரின் மற்ற இடங்களில் போடலாம், முன்னால் போட முடியாது. 'ஈ' முத்திரையைப் பொறிக்கும் உரிமை ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளருக்கே உண்டு என்பதால், தகட்டை வாங்கி நீங்களே வெட்டும்போது முத்திரை கழிவுத் துண்டோடு போய்விட்டால், பிறகு அதை வரவழைக்க வழியில்லை.

நான் கட்டியது இரண்டு இருக்கைகள் கொண்ட, கூரையில்லாத கார். உதிரிபாகத் தொகுப்போடு வந்த தட்டையான முன்கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் எந்தக் குறியும் இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, விலைப்பட்டியலில் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்று போட்டிருக்கிறோமே என்றார். டஃபன்ட் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடிதான், லேமினேட்டட் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடிதான். இரண்டில் எது என்ற கேள்விக்கு அவரிடமிருந்து கடைசிவரை நேரான பதில் வரவில்லை. டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விப்பார்கள். அது வலுவானதுதான், ஆனால் ஓடும் காரில் ஒரு கல் பட்டு உடைந்தால் தகடு முழுவதும் ஒரே கணத்தில் பொடிப்பொடியாக விரிசல் விட்டு, எதிரே சாலையே தெரியாமல் போகும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே, பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிப்பில், பாலிவினைல் பியூட்டிரால் படலம் ஒட்டியிருப்பதால் விரிசல் அடிபட்ட இடத்தைச் சுற்றியே நிற்கும், துண்டுகளும் முகத்தில் தெறிக்காது. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு பொருள்களை ஒரே பெயரில் விற்பதை அலட்சியம் என்று சொல்வதே மென்மையான சொல்.

அதைத் திருப்பி அனுப்பினேன். ஒட்டுப்பலகையில் மாதிரி வடிவம் வெட்டி, முன்கண்ணாடிக்கான ஒப்புதல் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் கொடுத்து, முத்திரை கீழ் மூலையில், சட்டத்தின் ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை) மறைக்கும் ஆழத்துக்கு மேலே தெரியும்படி வர வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டேன். பலர் கவனிக்காத இடம் இதுதான்: முத்திரை இருந்தும் சட்டத்துக்குள் மறைந்துவிட்டால், ஆய்வாளருக்கு அது இல்லாததற்குச் சமம். என் காரைப் பார்த்தவர் டார்ச் அடித்து எண்ணைப் படித்தார், குறித்துக்கொண்டார், முகப்பு விளக்குகளுக்கு நகர்ந்துவிட்டார்.

முத்திரை இல்லாமலேயே ஆய்வில் தேறிய கார்கள் உண்டே என்று சிலர் இங்கே வந்து சொல்லக்கூடும். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அது அந்த ஆய்வாளரின் கவனக்குறைவைக் காட்டுகிறதே தவிர, விதியைக் காட்டவில்லை. முத்திரையில்லாத கண்ணாடி எல்லாம் ஆபத்தானது என்றும் நான் சொல்லவில்லை. அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தகடு போதும் என்பவர்களுக்கு மட்டும் ஒன்று: வைப்பர் ஓடத் தொடங்கியதும் அதில் கீறல் விழும், எதிர்வரும் வண்டியின் விளக்கொளி அந்தக் கீறல்களில் சிதறும்.

கண்ணாடியைக் கருமையாக்கும் சாயப் படலம் ஒட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்கத் தரம் குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 1985 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களின் முன்கண்ணாடிக்கு அது 75 சதவீதம். பணம் கட்டுவதற்கு முன் முத்திரையின் தெளிவான படத்தைக் கேளுங்கள்; சட்டத்தை இன்னும் பற்றவைக்கவில்லை என்றால், கண்ணாடி கைக்கு வரும்வரை பற்றவைக்காதீர்கள்.