நாய்க்குட்டிக்காக நகைய மாத்தி வெக்கறதா?

கேள்வி (லெட்டர் சுருக்கம்): ஐயா, நாங்க திருப்பூர்ல லைன் வீட்ல வாடகைக்கு இருக்கறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், சம்பளம் 34,000. நான் வீட்லயே ஓவர்லாக் மெஷின் வெச்சு பீஸ் ரேட்டுக்கு தெச்சு குடுக்கறேன், மாசம் 7,000 வரும். பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6, ரெண்டு பேருக்கும் ஆட்டிசம். பையனுக்கு சத்தம் ஆகாது, காத பொத்திக்குவான். பொண்ணு கேட் தொறந்திருந்தா ஓடிருவா. மாமியார் தோட்டம் காங்கயம் பக்கம், அங்க ஒரு நாட்டு நாய் இருக்குது, யாரையும் தொட விடாத பையன் அதுக்குப் பக்கத்துல களத்துல மத்தியானம் பூரா படுத்துகிட்டு அது வயித்து மேல கைய வெச்சுகிட்டே இருந்தான். அதப் பாத்துட்டு என் கொழுந்தனார், அவரு ஃப்ரண்டு கோல்டன் ரெட்ரீவர் குட்டி விக்கறாரு, குட்டி 28,000, 45 நாள் 'தெரபி டாக்' ட்ரெயினிங் சர்டிஃபிகேட்டோட 35,000, ரெண்டும் வாங்கிருங்கன்னு சொல்றாரு. பேங்குல அடகுல இருக்கற 8 பவுன மாத்தி வெச்சா (பழைய கடன முடிச்சு அதே நகைய மறுபடி அடகு வெச்சா) இன்னும் ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் கெடைக்குமாம், மிச்சம் 60,000 அவரோட தறிக்கு வேணுமாம். நகைக்கடன் இப்ப 3.8 லட்சம், வருஷா வருஷம் மாத்தி வெக்கறப்ப கொஞ்சம் மேல வாங்கிக்குவோம். வாங்கலாமுங்களா? எந்த நாய் நல்லதுங்க? மாற்றுத்திறனாளி குழந்தை இருக்கறவங்களுக்கு இருக்கற 80டிடி வரிச்சலுகை எங்களுக்குக் கெடைக்குமா?

பதில்: அம்மணி, லெட்டர்ல முக்காவாசி நாயப் பத்தி எழுதிட்டு நகைக்கடன ஒரே வரில முடிச்சுட்டீங்க, நான் அந்த ஒரு வரியத் தாண்டவே முடியலீங்க. "கொஞ்சம் மேல வாங்கிக்குவோம்"னு எழுதியிருக்கீங்களே, அதுதான் உங்க வீட்டு நோய். நாய் வந்தாலும் வராட்டியும் அது இருக்கும்.

நீங்க கூட அனுப்புன பேங்க் சீட்டுலயும் செலவுக் கணக்குலயும் இருக்கறத வெச்சு கணக்குப் போட்டுப் பாத்தேன். 2021ல 1.4 லட்சத்துக்கு வெச்சீங்க. ஒரு வருஷம் கழிச்சு வட்டி 13,000 சொச்சம், அத கையிலிருந்து கட்டல, மாத்தி வெச்சு கடன்லயே சேத்தி, மேல 40,000 வாங்குனீங்க, அது ரெண்டு குழந்தைகளோட தெரபிக்கு, சரி. அடுத்த வருஷம் வட்டி 18,000, மேல 50,000, அது கொழுந்தனாரோட தறிக்கு. அதுக்கடுத்த வருஷம் வட்டி 25,000, மேல 45,000, அது அவரு வீட்டு விசேஷத்துக்கு. போன தடவ வட்டி மட்டுமே 32,000, மேல ஒரு 13,000. ஆக இந்த நாலஞ்சு வருஷத்துல உங்க கைக்கு வந்த காசு 2.9 லட்சத்துக்குள்ள, மிச்சம் 90,000க்குப் பக்கம் வட்டி, அந்த வட்டிக்கும் இப்ப வட்டி ஓடிகிட்டு இருக்குது. கைக்கு வந்ததுலயும் 95,000 உங்க வீட்டுக்கே வரல.

இதுல கெட்ட விஷயம் என்னன்னா இது நடக்கறதே தெரியாது. பவுன் வெல ஏறுது, அதே ஆரத்துக்கு பேங்க்காரர் போன வருஷத்த விட அதிகமா குடுக்கறாரு, நமக்கு என்னமோ காசு வந்த மாதிரி இருக்குது. வரலீங்க. உங்க நகையோட ஏறுன வெலய நீங்களே 9.5 சதம் வட்டிக்கு வாங்கிச் செலவு பண்றீங்க. நாளைக்கு வெல கொஞ்சம் எறங்குனா குறையற தொகைய கட்டுன்னு நோட்டீஸ் வரும், கட்டலைன்னா ஏலம். இப்ப நெறைய பேங்குல முழுசா கட்டி மீட்டாத்தான் மறுபடி வெக்க விடறாங்க, அதுக்காக போன தடவ வெளியில ஒரு நாள் வட்டிக்கு வாங்கி 2,000 ரூபா குடுத்ததா எழுதியிருக்கீங்க. ஒரே நாளைக்கு 2,000. உங்க வீட்டு பால் செலவு மாசத்துக்கு அவ்வளவு வருமா?

வருமானம் 41,000. வாடக 8,500, தெரபி 12,000, மளிகை, கேஸ், பால், மருந்து எல்லாம் சேந்து 10,000, ஏலச்சீட்டு 5,000, பைக் ஈஎம்ஐயும் பெட்ரோலும் 4,500. கூட்டுங்க, 40,000. மீதி ஆயிரம் ரூபா. நகைக்கடனுக்கு வருஷத்துக்கு 36,000 வட்டி, மாசத்துக்கு 3,000, அது இந்த லிஸ்ட்லயே இல்ல பாருங்க. அதனாலதான் வருஷக் கடைசில மாத்தி வெக்கறதத் தவிர வழியில்லாம நிக்கறீங்க.

இப்ப நாய்க்கு வருவோம். 63,000ங்கறது நாயோட வெல இல்லீங்க, நுழைவுக் கட்டணம். பெரிய சாதி நாய்க்கு சாப்பாடு, வருஷத்துக்கொரு தடவ வெறிநாய்க்கடி ஊசியோட மத்த ஊசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து, முடி வெட்டறது, நடுவுல ஒரு தடவ டாக்டர்கிட்ட ஓடறதுன்னு வீட்ல சமைச்சுப் போட்டாலும் மாசம் 4,000க்குக் கீழ எறக்க முடியாது. வருஷத்துக்கு 48,000. கோல்டன் ரெட்ரீவர் பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும், 11 வருஷம்னு வெச்சாலும் அஞ்சேகால் லட்சம், வெலவாசி ஏறாதுன்னு நெனச்சாலுமே. கையில ஆயிரம் மிஞ்சற வீட்ல இந்த 4,000 எங்கிருந்து வரும்? தெரபிலதான் கை வெப்பீங்க, வேற எடமே இல்ல.

அந்த 45 நாள் ட்ரெயினிங் சமாச்சாரத்துக்கு எனக்கு கோவமே வருது. வெளிநாட்ல ஆட்டிசக் குழந்தைகளுக்குன்னு அசிஸ்டன்ஸ் டாக் பழக்கறாங்க, குட்டில இருந்து ஒன்றரை ரெண்டு வருஷம் பழக்கித்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க, அதுலயும் தேறாம நிக்கற நாய் நெறைய. ஓடற குழந்தையோட இடுப்பு பெல்ட்ட நாய்கூட கோத்து, நாயோட கயித்த அப்பாவோ அம்மாவோ புடிச்சிருப்பாங்க, குழந்தை ஓடப் பாத்தா நாய் அசையாம நின்னுக்கும், அந்த அளவுக்குப் பழக்கம். ஒன்றரை மாசத்துல, அதுவும் பல்லு மொளைக்கற குட்டிக்கு இதெல்லாம் வராது. அந்த சர்டிஃபிகேட்டுக்கு நம்ம நாட்ல சட்டப்படி ஒரு மதிப்பும் கெடையாது, லேமினேட் பண்ண காசுதான் அதோட வெல. இதுக்கு 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' வேற இருக்குதாம், பெட் இன்ஷூரன்ஸ் வேற இருக்குதாம், எல்லாம் குட்டி விக்கற எடத்துலயே பேக்கேஜா. மனுசனுக்கே ஒழுங்கா இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்ல நாய்க்கு பாலிசி விக்க வர்றவங்கள வாசல்லயே அனுப்பிருங்க.

குட்டி வேண்டாம்ங்கறதுக்கு காசத் தாண்டியும் காரணம் இருக்குது. எந்த சாதிக் குட்டியும் ஆறேழு மாசம் வரைக்கும் எதக் கண்டாலும் கடிக்கும், ஊசியாட்டம் பல்லு. பையன் ஒரு தடவ அலறி அடிச்சுகிட்டான்னா குட்டி இன்னும் வெளையாட்டுன்னு நெனச்சுகிட்டு மேல தாவும். லேப்ரடாரும் கோல்டனும் குணத்துல சாதுதான், ஊர் ஒலகத்துல குழந்தைகளுக்கு அதயே சொல்றதுக்கும் காரணம் இருக்குது, ஆனா ரெண்டு வயசு வரைக்கும் 25, 30 கிலோ உருவத்தோட அது குதிக்கற குதில உங்க பொண்ணு கீழ விழுந்துருவா. முடி கொட்டும், சிமெண்ட் கூரை லைன் வீட்ல சித்திரை வெயில்ல மூச்சு வாங்கும். பக் நாய்க்கு மூக்கு சப்பை, வெயில் ஆகவே ஆகாது. ராஜபாளையம், கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வந்த சாதி, சுவர ஒட்டி நாலு குடும்பம் இருக்கற எடத்துல கட்டிப்போட்டா குலைச்சுத் தள்ளிரும், உங்க பையன் காத பொத்திகிட்டு மூலைல உக்காந்துக்குவான்.

நாய் வேணும்னா சாதியப் பாக்காதீங்க, அந்தத் தனி நாயப் பாருங்க. ரெண்டு மூணு வயசு தாண்டுன, குடும்பக்கட்டுப்பாடு பண்ணுன, சாது குணம்னு ஏற்கனவே தெரிஞ்ச நாய், நாட்டு நாயா இருந்தா இன்னும் நல்லது, நம்ம வெயில் தாங்கும், சாப்பாடும் செலவும் கம்மி. கோயமுத்தூர்ல தத்து குடுக்கற ஷெல்டர்ல அப்படி நாய்ங்க இருக்கும், காசு வாங்கறதில்ல, இல்லீன்னா ஊசிக்காசு மட்டும். மொதல்ல குழந்தைகளக் கூட்டிட்டுப் போங்க, ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ. அங்க ஒரு எவர்சில்வர் தட்ட கீழ போட்டுப் பாருங்க, பொண்ணு கைய உதறிகிட்டு ஓடறப்ப நாய் என்ன பண்ணுதுன்னு பாருங்க. வெலகிப் போய் படுத்துக்கற நாய் நல்ல நாய். மொறைச்சு நிக்கறது, கூடவே தொரத்தறது, வாலை உள்ள இடுக்கிகிட்டு நடுங்கறது, மூணுமே உங்களுக்கு ஆகாது. புடிச்சுப்போனாலும் ரெண்டு மூணு வாரம் ஃபாஸ்டர்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுத்தான் முடிவு. அதுக்கு முன்னாடி வீட்டு ஓனர்கிட்ட கேட்டுக்கோணும், கேட்டுக்கு மேல கைக்கு எட்டாத ஒசரத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டுருங்க, நாய வெளிய கூட்டிட்டுப் போறப்ப கேட் தொறக்கற நேரம் ஜாஸ்தி ஆகுமல்ல. எந்த நாயும் குழந்தையும் பெரியவங்க இல்லாம தனியா இருக்கக்கூடாது. நகம் பட்டாலே 15 நிமிஷம் சோப்புத்தண்ணில கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, ஊசி இலவசம்தான்.

எனக்கென்னமோ உங்க பையனுக்கு நாய் ஏற்கனவே கெடைச்சிருச்சுன்னு தோணுது. அது காங்கயத்துல இருக்குது. அத லைன் வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிப்போடாதீங்க, தோட்டத்துல சுத்துன நாய் கெட்டுப்போயிரும். ஞாயித்துக்கிழமை நீங்க போங்க. பஸ் செலவோ பெட்ரோலோ போக வர 200 ரூபான்னு வெச்சுக்கங்க, மாசம் 800. அந்த நாய்க்கு கால்நடை ஆஸ்பத்திரில ஒரு ராபிஸ் ஊசி போட்டு, மாமியார்கிட்ட ரெண்டு கிலோ கோழி லெக் பீஸ் குடுத்துட்டு வந்தீங்கன்னா போதும்.

ஆனா எனக்கு நாய விட நகைதான் முக்கியம். இந்த ரினிவல்ல ஒரு பைசா மேல வாங்கக்கூடாது. 8 பவுனும் ஒரே கடனா கெடக்குது, அத மூணா பிரிச்சு வைங்க, ஆரம் தனி, செயின் தனி, வளையல் தனி, அப்பத்தான் காசு வர்றப்ப ஒண்ணொண்ணா மீட்டு வீட்டுக்குக் கொண்டு வர முடியும், மொத்தமா 3.8 லட்சம் சேந்தாத்தான் ஆச்சுன்னு நின்னா ஜென்மத்துக்கும் மீட்க முடியாது. ஏலச்சீட்டு இன்னும் நாலு மாசத்துல முடியுதுன்னீங்க, அப்ப வர்ற ஒரு லட்சத்துல, பிரிச்சு வெச்ச மூணுல சின்ன பாக்கெட்ட மீட்டுருங்க. சீட்டு முடிஞ்சதும் அந்த 5,000த்த வேற சீட்டுல போடாம மாசாமாசம் மிச்சக் கடன்ல கட்டுங்க, வட்டிக்கு 2,200 போனா அசல்ல 2,800 கொறையும்.

கொழுந்தனார் விஷயம் நீங்க பேசாதீங்க, உங்க வீட்டுக்காரர் பேசோணும், அவரு தம்பி அவரு. நம்ம பக்கம் ஒரம்பரைகிட்ட, சொந்தக்காரங்ககிட்ட காசு கேக்கறது கஷ்டம்தான், செய்மொறை, சீர்னு எத்தனையோ இருக்குது, தெரியும். அசல கேக்கவே வேண்டாம் இப்போதைக்கு. "நீ வாங்குன 95,000க்கு பேங்க் வட்டி மாசம் 750 ஆகுது, அத மட்டும் குடு"ன்னு கேக்கச் சொல்லுங்க. குடுத்தாருன்னா நல்ல மனுசன், தறி ஓடறப்ப அசலும் வரும். குடுக்கலைன்னா புதுசா கேட்ட 60,000க்கு பதில் தானா கெடைச்சிரும். அவரு ஃப்ரண்டு குட்டி வித்தா அவருக்கு என்ன கெடைக்குதுன்னு நான் கேக்கல, உங்க வீட்டுக்காரர் வேணும்னா கேட்டுக்கட்டும்.

80டிடி கேட்டீங்க, உங்க வருமானத்துக்கு வரியே வராது, அத மறந்துருங்க. அதுக்குப் பதிலா ரெண்டு குழந்தைகளுக்கும் யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்குதான்னு பாருங்க, இல்லீன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பம் குடுங்க, பராமரிப்பு உதவித்தொகை பத்தியும் அங்கயே கேட்டுட்டு வாங்க. மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டோட நிராமயா மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆட்டிசத்துக்கு உண்டு, ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு ஒதுக்கியிருக்காங்க, கட்டறது வருஷத்துக்கு சில நூறு ரூபாதான். மாசம் 12,000 தெரபிக்கு குடுக்கற வீடு இத விட்டு வெச்சிருக்கறது எனக்கு ஆத்தாமையா இருக்குதுங்க.

இத்தனைக்கும் அப்புறமும் நாய் வேணும்தான்னு இருந்தா, போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்குலயோ 4,000க்கு ஒரு ஆர்டி போடுங்க, நாய் வீட்ல இருக்கற மாதிரியே நெனச்சுகிட்டு. ஆறு மாசம் ஒரு மாசம்கூட தவறாம கட்டிட்டீங்கன்னா எனக்கு மறுபடி எழுதுங்க, எந்த ஷெல்டர்ல எந்த நாய்னு பேசலாம். ரினிவல் தேதி எழுதாம விட்டுட்டீங்க, பேங்க் சீட்டுல பாத்து அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போய் மூணா பிரிக்கறதுக்கு மேனேஜர்கிட்ட சொல்லி வைங்க, அன்னைக்கே போய் நின்னா அவசரத்துல பழையபடிக்கு ஒரே பாக்கெட்டா போட்டு கையெழுத்து வாங்கிருவாங்க.