ஸ்கேன் செய்த கோடுகள் ஏன் அலைகின்றன?

கேள்வி: கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா, சான்றிதழ்களோடு நிலத்தின் புலப்படங்களையும் ஸ்கேன் செய்து தருகிறேன். கொஞ்ச நாட்களாக, காலையில் எடுக்கும் ஸ்கேனில் நேர்கோடுகள் நெளிகின்றன. எழுத்துகளின் மேலும் கீழும் சிவப்பும் நீலமுமாக ஓரம் கட்டுகிறது. 600 டிபிஐயில் அதிகம், 300இல் குறைவு. மதியத்துக்கு மேல் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பக்கத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடினால் மறுபடியும் வருகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காலையில் கெட்டு மதியம் சரியாகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டார் பழுதாகியிருந்தால் வெயில் ஏறியதும் அது தானாகத் திருந்திவிடாது. வெப்பத்தோடு சேர்ந்து மாறுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

கண்ணாடிக்கு அடியில் விளக்கையும் சென்சாரையும் சுமந்துகொண்டு நகரும் நீளமான பட்டையை சர்வீஸ் செய்பவர்கள் ஹெட் என்பார்கள். அது ஓர் எஃகு ராடின் மேல் சறுக்கிச் செல்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் சிறிய பிளாஸ்டிக் கியர்களைச் சுற்ற, கியர்கள் பல் வைத்த பெல்ட்டை இழுக்க, பெல்ட் ஹெட்டை இழுக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் மின்விசிறி மோட்டாரைப் போல் ஒரே ஓட்டமாகச் சுற்றுவதில்லை, படிப்படியாகத்தான் நகரும். ஒரு படிக்கு 7.5 பாகை என்றால் ஒரு சுற்றுக்கு 48 படி, 1.8 பாகை என்றால் 200 படி. அந்தப் படிகள் அப்படியே ஹெட்டுக்குப் போனால் அது குதித்துக் குதித்துத்தான் போகும். கியர்கள் சுழற்சியைக் குறைத்து ஒவ்வொரு படியையும் சிறிதாக்குகின்றன. மின்சுற்றும் ஒரு படியைப் பல நுண்படிகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. அப்போதுதான் ஓட்டம் வழவழப்பாகிறது.

எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 600 டிபிஐ என்றால் 25.4 மி.மீ. நீளத்தில் 600 வரிகள். அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே 0.042 மி.மீ. உங்கள் கடையில் ஓடும் 75 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அந்தத் தடிமனில் பாதி அளவு ஹெட் தயங்கினாலே படத்தில் ஒரு வரி இடம் மாறிவிடும். ஹெட் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சாதாரண மாடல்களில் மோட்டாருக்கு இத்தனை படி அனுப்பினோம், ஆகவே இத்தனை தூரம் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வரிகளைப் பதிந்துகொண்டே போகும்.

எழுத்துகளின் மேலும் கீழும் வண்ண ஓரம் வருவதற்கும் இதுதான் காரணம். மெலிதான சிஐஎஸ் ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் ஒவ்வொரு வரிக்கும் மாறி மாறி எரிகின்றன. பழைய சிசிடி வகையில் மூன்று நிறத்துக்கும் மூன்று சென்சார் வரிசைகள் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். ஹெட் சீராக வந்தது என்று நம்பி ஸ்கேனர் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும். ஓட்டம் சீர்கெட்டால் இரண்டு வகையிலும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் விலகிவிடும். ஆனால் பக்கத்தின் தலை முதல் அடி வரை, ஹெட் போகும் திசையிலேயே ஒரே ஒரு நேர்கோடு விழுந்தால் அதற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அது சென்சார் மேலோ, வெள்ளை நிறத்தைச் சரிபார்க்க ஸ்கேனருக்குள் வைத்திருக்கும் வெள்ளைப் பட்டை மேலோ உள்ள தூசு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பெல்ட்டைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருப்புளியை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்றைக் கண்ணாடியின் மேல் மூலைவாட்டாகச் சாய்த்து வையுங்கள். இன்னொரு ஸ்கேலை ஹெட் போகும் திசையில் ஓரமாக நேராக வையுங்கள். 300இல் ஒன்று, 600இல் ஒன்று என இரண்டு ஸ்கேன் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிச் சாய்ந்த ஸ்கேலின் விளிம்பைப் பாருங்கள். ஓட்டம் சீராக இருந்தால் விளிம்பு கத்தி வைத்ததுபோல் நேராக இருக்கும். இல்லையென்றால் அலை அலையாகத் தெரியும். பத்து அலைகள் எவ்வளவு நீளத்தில் அடங்குகின்றன என்று நேரான ஸ்கேலில் பார்த்துப் பத்தால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் வந்துவிடும். குற்றவாளி யார் என்பதைப் பெரும்பாலும் இந்த ஓர் எண் சொல்லிவிடும்.

இரண்டு ஸ்கேனிலும் இடைவெளி ஒரே மி.மீ. ஆக இருந்தால் காரணம் சுற்றுகிற ஒரு பொருள். ஏறத்தாழ 2 மி.மீ.க்கு ஒருமுறை வருகிறதா? சிறிய இயந்திரங்களில் பெல்ட்டின் பல் இடைவெளி பெரும்பாலும் 2 மி.மீ. அளவில்தான் இருக்கும், பெல்ட்டின் பல், அதை ஓட்டும் பல்சக்கரமான புல்லியில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதே பெல்ட்டில் 20 பல் புல்லி இருந்து, 40 மி.மீ.க்கு ஒருமுறை அலை வந்தால் புல்லியே மையம் விலகிச் சுற்றுகிறது. இடையில் உள்ள கியர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு கியரிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, கையால் மெதுவாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றுக்கு ஹெட் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளந்தால் போதும். உங்கள் அலை நீளத்தோடு எது ஒத்துப்போகிறதோ அதன் பற்களைப் பாருங்கள். மெதுவாக என்று அழுத்திச் சொல்கிறேன். வேகமாகச் சுற்றினால் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி சர்க்யூட்டைக் கெடுத்துவிடும்.

இடைவெளி 300இல் அகலமாகவும் 600இல் நெருக்கமாகவும் மாறினால் அது அதிர்வு. அதிர்வு நேரக் கணக்கில் வருவது. 600இல் ஹெட் மெதுவாகப் போவதால் அலைகள் நெருங்கி விழும். பக்கத்தின் ஒரே இடத்தில் மட்டும் எப்போதும் ஒரு குலுக்கல் வந்தால் பெல்ட்டின் அந்தப் பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது. காய்ந்த டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

பற்கள் விஷயத்தில் நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே ஓடும் பல் தண்டவாளம் ஒற்றையாக இல்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி இரண்டு பல் பட்டைகள் அருகருகே, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் இடைவெளி வரும்படி பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பல் விடுபடும் முன் இன்னொன்று பிடித்துவிடுவதால் எஞ்சின் பல்லுக்குப் பல் குலுங்காமல் ஏறுகிறது. நல்ல ஸ்கேனர்களில் கியர்ப் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: ஒரு பல் முழுதும் விலகுவதற்குள் அடுத்தது பாரத்தை வாங்கிக்கொள்ளும். மலிவான மாடல்கள் சிலவற்றில் மோட்டார் ஹெட்டோடு சேர்ந்தே பயணம் செய்யும். அடித்தட்டில் உள்ள நேரான பிளாஸ்டிக் பற்களைக் கடித்துக்கொண்டு ஒற்றைப் பட்டையில்தான் நகரும். அவற்றில் பல்லுக்குப் பல் மெல்லிய அலை இருப்பது பிறவிக் குணம். அதைச் சரிசெய்கிறேன் என்று காசை வீணாக்காதீர்கள்.

இனி உங்கள் இயந்திரத்துக்கு வருகிறேன். மெதுவான ஓட்டத்தில் மோசம், வேகமான ஓட்டத்தில் பரவாயில்லை, குளிரில் மோசம், வெயிலில் சரி. இந்த நான்கும் சேர்ந்தால் உராய்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நின்றிருக்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, ஓடிக்கொண்டிருப்பதைத் தள்ளுவதைவிட அதிகம். ராடில் கிரீஸ் காய்ந்து தூசியோடு கலந்து மெழுகுபோல் படிந்துவிட்டால், ஹெட் சிக்கி நிற்கும், பெல்ட் இழுபட்டு விறைக்கும், ஒரு கட்டத்தில் ஹெட் விடுபட்டுக் குதிக்கும், மறுபடியும் சிக்கும். இப்படி வரும் அலைகளுக்கு ஒழுங்கான இடைவெளி இருக்காது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில், மார்கழி தை மாதக் காலைகளில் அந்தக் கிரீஸ் இன்னும் இறுகும். கோயம்புத்தூரில் ஒரு குறையும் காட்டாத இயந்திரம் இங்கே தடுமாறுவது இதனால்தான்.

யாராவது தேங்காய் எண்ணெய் விட்டார்களா என்றும் விசாரியுங்கள். மேலே நம் வீடுகளில் அது பாட்டிலுக்குள் உறைந்துதானே கிடக்கிறது? 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிவிடும். ராடில் விட்டால் அங்கேயும் கட்டும்.

சுத்தம் செய்வது கடினமில்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டு, மேல் சட்டத்தின் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியோடு தூக்குங்கள். ஹெட்டோடு போகும் தட்டையான கேபிளை இழுக்காதீர்கள். நூல் விடாத பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு ராடை இரு விரலால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். துணியைப் பாருங்கள். பழுப்பும் கறுப்புமான பிசுக்கு என்றால் அது பழைய கிரீஸ். செம்மண் நிறம் என்றால் துரு; மூடுபனி உள்ளே புகுந்திருக்கிறது. துருவுக்கு உப்புத்தாள் போடாதீர்கள், ராடில் கீறல் விழும்; உலோகம் துலக்கும் பாலிஷ் போதும். ராடைப் பிடித்திருக்கும் புஷ் வெண்கலமாக இருந்தால் அதை ஆல்கஹாலில் நனைக்காதீர்கள். அந்த வகைப் பலவற்றில் உலோகத்தின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். கழுவினால் அதுவும் போய்விடும்.

துடைத்த பிறகு, பிளாஸ்டிக்குக்கு உகந்தது என்று குறித்திருக்கும் செயற்கை கிரீஸ் புஷ்ஷின் இரு பக்கமும் ஓர் அரிசி அளவு மட்டும். ஹெட்டைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பரப்பிவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கியர்களுக்கும் அதே கிரீஸ், பற்களில் மெல்லிய படலமாக. வண்டிக்குப் போடும் கிரீஸ் குளிரில் இறுகும். அதிலுள்ள எண்ணெய் சில பிளாஸ்டிக்கை வெடிக்கவும் வைக்கும். துரு நீக்கும் ஸ்பிரே இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். பெல்ட்டில் எதுவுமே படக்கூடாது. கண்ணாடியின் உட்பக்கத்தையும் துடையுங்கள். சிஐஎஸ் வகையில் ஹெட் ஸ்பிரிங்கால் கண்ணாடியை அழுத்திக்கொண்டே சறுக்குவதால், அங்கே படிந்த பிசுக்கும் அதைப் பிடித்து இழுக்கும்.

ஜெராக்ஸ் ஓடும்போது வருவது இரண்டாவது நோய். இரண்டும் ஒரே மேசையில் இருக்கிறதென்று நினைக்கிறேன். ஸ்கேனரைச் சுவரோடு பதித்த பலகையிலோ தனி மேசையிலோ வைத்துப் பாருங்கள். இடம் இல்லையென்றால் 600இல் ஸ்கேன் ஓடும்போது ஜெராக்ஸை நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காலையில் கடை திறந்ததும் காகிதம் இல்லாமல் மூன்று நான்கு ஸ்கேன் ஓடவிடுங்கள். மோட்டாரும் கிரீஸும் சற்று இளகும். அவசரப்பட்டு கேஸ் ஹீட்டரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்திலும் ராடிலும் வேர்த்து நிற்கும், துரு அங்கேதான் தொடங்கும். இரவில் உறை போட்டு மூடி, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால் சுருக்காத நிலையில் 100 எம்பிக்கு மேல் வரும். 300இல் ஏறத்தாழ 26 எம்பிதான். கணினி மெதுவாக இருந்தாலோ யுஎஸ்பி ஹப் வழியாகச் சென்றாலோ தகவல் தேங்கும். ஸ்கேனர் பாதியில் நின்று, ஹெட்டைச் சற்றுப் பின்னால் இழுத்து, மறுபடி கிளம்பும். கியர்ப் பற்களுக்கு இடையே உள்ள சிறு தளர்வு அப்போது படத்தில் ஒரு தையல்போல் தெரியும். ஸ்கேன் நடுவில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டால் கேபிளைக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

தாளைத் தானே இழுக்கும் ஏடிஎஃப் இருந்தால் அங்கே நகர்வது தாள். அலையின் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் தேய்ந்த ரோலரின் விட்டம் கிடைக்கும். படம் நீளவாக்கில் இழுபட்டிருந்தால் ரோலர் வழுக்குகிறது என்று பொருள். ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள், தின்னர் வேண்டாம். புலப்படங்களை எக்காரணம் கொண்டும் ஏடிஎஃப்பில் விடாதீர்கள். பழைய தாள் கிழிவது ஒரு பக்கம். நீளம் மாறுவது அதைவிடப் பெரிய கேடு. 1:1000 அளவில் வரைந்த படத்தில் தாளின் 1 மி.மீ. நிலத்தில் 1 மீட்டர். வரப்புத் தகராறில் இருப்பவர் கையில் அந்தப் படம் போகும்போது, ஸ்கேனரின் தடுமாற்றம் அவருடைய நிலத்தின் அளவாகிவிடக்கூடாது.

ஆகவே சுத்தம் செய்தபின் அந்தச் சாய்ந்த ஸ்கேல் சோதனையைக் காலைக் குளிரிலேயே திரும்பச் செய்யுங்கள். மதியம் செய்தால் குறை தெரியாது. கூடவே ஒரு ஸ்கேலை நீளவாக்கிலும் இன்னொன்றை அகலவாக்கிலும் வைத்து, 200 மி.மீ. இரண்டிலும் ஒரே புள்ளி எண்ணிக்கையில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். 600 டிபிஐயில் அது 4,724 புள்ளி. நீளவாக்கில் மட்டும் எண்ணிக்கை கூடினால் ஹெட் இன்னும் பின்தங்குகிறது. பெல்ட்டின் இறுக்கத்தையும் அடாப்டர் தரும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்து அப்போதும் தயங்கினால் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை புலப்படம் எடுக்கும்போதெல்லாம் ஓரத்தில், கோடுகளை மறைக்காமல், நீளத்துக்கொன்றும் அகலத்துக்கொன்றுமாக இரண்டு ஸ்கேல்களையும் சேர்த்து ஸ்கேன் செய்து கொடுங்கள்.