'யாட்ஸா'வை இங்கிலீஷ் வழியா படிக்காதீங்க

கேள்வி இதுதான்: ஹீப்ரூல 'யாட்ஸா'ன்னா 'வெளியே போனான்'னு டிக்‌ஷனரில போட்டிருக்கு, ஆனா சீரியல் பாத்தா சம்பந்தமே இல்லாத இடத்துலல்லாம் வருதே, எப்படி புரிஞ்சுக்கிறது?

டிக்‌ஷனரி மேல தப்பில்லைங்க. 'மதாய் யோட்ஸே ஹா-ஓட்டோபுஸ்'னா பஸ் எப்போ கிளம்பும்னுதான் அர்த்தம் ('யோட்ஸே'ங்கிறது 'யாட்ஸா'வோட நிகழ்கால வடிவம்), இஸ்ரேல்ல வாசலுக்கு வாசல் மாட்டியிருக்கிற 'யெட்ஸியா' போர்டும் வெளியே போற வழிதான். ஆனா அங்க ரெஹோவோத்ங்கிற ஊர் மார்க்கெட்ல தக்காளியையும் வெள்ளரிக்காயையும் தராசுல வச்சுட்டு 'கமா ஸே யோட்ஸே'ன்னு கேப்பாங்க பாருங்க, அது மொத்தம் எவ்வளவு வருதுங்கிற கேள்வி. கேக் நல்லா வந்திருந்தா 'யாட்ஸா தோவ்'. நாம 'வருது, வந்துச்சு' போடுற இடத்துல அவங்க இதைப் போடுறாங்க, அவ்வளவுதான் விஷயம், இங்கிலீஷ்ல மாத்திப் பாத்துட்டு இருந்தீங்கன்னா இது கண்ணுல படாது.

அடுத்து 'யாட்ஸா லி', இதுதான் எனக்குப் பிடிச்சது. 'லி'ன்னா 'எனக்கு'. 'யாட்ஸா லி லிஃப்கோஷ் ஒத்தோ', அவனைப் பாக்க எனக்கு வாய்ச்சுது. ஊரைச் சுத்திப் பாத்தியான்னு யாராவது கேட்டா 'லோ யாட்ஸா லி', எனக்கு வாய்க்கல. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும்னு பேசியே வளந்தவங்களுக்கு இந்த 'எனக்கு' தானா உக்காந்துடும், என்கூட ஹீப்ரூ படிச்ச ஐரோப்பாக்காரங்கள்ல சிலர் இதுக்கு ரொம்பவே முழிச்சாங்க.

வெளியேறு, வெளியேற்று மாதிரி இதுக்கும் ஜோடி உண்டு: 'ஹோட்ஸி'. ரொட்டி சாப்பிடறதுக்கு முன்னாடி யூதர்கள் சொல்ற ஆசீர்வாதத்துல 'ஹாமோட்ஸி லெஹெம் மின் ஹா-ஆரெட்ஸ்'னு வரும், பூமியிலிருந்து ரொட்டியை வெளியே கொண்டுவர்றவர். பத்துக் கட்டளை ஆரம்பிக்கிற இடத்துல, யாத்திராகமம் 20:2ல, எகிப்துலேர்ந்து 'புறப்படப்பண்ணின'ன்னு தமிழ் பைபிள்ல இருக்கே, அங்க மூலத்துல இருக்கிறதும் இதே வினைதான். செலவுக்கு 'ஹோட்ஸாஓத்', ரிசல்ட்டுக்கு 'தோட்ஸாஆ', சனிக்கிழமை ராத்திரி ஓய்வுநாள் முடியற நேரம் 'மோட்ஸாஏ ஷபாத்', சுருக்கமா 'மோட்ஸாஷ்', பெரும்பாலான ஊர்ல பஸ் திரும்ப ஓட ஆரம்பிக்கிறதே அப்போதான், அதனால இந்த வார்த்தையை யாரும் மறக்க மாட்டாங்க. எல்லாத்துக்கும் வேர் யோத், ட்ஸாதி, ஆலெஃப்ங்கிற மூணு எழுத்து.

'ஹூ யோட்ஸே இத்தா'ன்னு காதுல விழுந்தா பையன் அந்தப் பொண்ணோட டேட்டிங்ல இருக்கான்னு எடுத்துக்கோங்க, வாக்கிங் போறான்னு நினைச்சுடாதீங்க 😄

ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. எதிர்காலத்துலயும் 'லாட்ஸெத்' (வெளியே போக)ங்கிற வடிவத்துலயும் முதல் எழுத்து யோத் காணாம போயிடும், 'எட்ஸே'ன்னா நான் வெளியே போவேன். அதே மாதிரி அவன் போனான், அவ போனா ரெண்டும் எழுத்துல வேற, ஆனா பேச்சுல காதுக்கு 'யாட்ஸா'ன்னே விழும், யாரைப் பத்திப் பேசறாங்கன்னு முன்னாடி வந்த பேரை வச்சுதான் பிடிக்கணும்.